முதலில் டயர், அப்புறம் லிஃப்ட்

மாருதி சுஸுகியின் ஃபோர் வீல் டிரைவ் வண்டியான ஜிம்னியை வாங்கிய கையோடு எல்லாரும் கேட்பது, "எத்தனை இஞ்ச் லிஃப்ட் போடலாம்?" அதாவது, வண்டியை எவ்வளவு உயர்த்தலாம் என்று. நான், "முதலில் டயரை முடிவு பண்ணிட்டு வந்து கேளுங்க" என்பேன்.

ஜிம்னிக்கு முன்னும் பின்னும் சாலிட் ஆக்சில், அதாவது இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே கெட்டியான அச்சு. ஸ்பிரிங் மாற்றி 2 இஞ்ச் தூக்கினால் உயர்வது பாடியும் சேஸிஸும்தான். ஆக்சில் நடுவே தொங்கி கல்லில் இடிபடும் கியர் உருண்டையான டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது பெரிய டயர்தான்.

கம்பெனி டயர் 195/80 ஆர்15, விட்டம் சுமார் 693 மி.மீ. 215/75 ஆர்15 போட்டால் விட்டம் 10 மி.மீ. கூடும், அடியில் கிடைப்பது அதில் பாதி, வெறும் 5 மி.மீ. (இதற்கா இவ்வளவு செலவு?) 235/75 ஆர்15 என்றால் 20 மி.மீ. கிடைக்கும். ஆனால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் வண்டியில் உரசலாம். பெரிய டயருக்கு இடம் கொடுப்பதுதான் லிஃப்டின் உண்மையான வேலை.

தூக்கினால் முன்பக்க காஸ்டர் கோணம் (ஸ்டியரிங் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும், நெடுஞ்சாலையில் வண்டி அலைபாயும். ஆக்சிலும் கொஞ்சம் பக்கவாட்டில் நகரும். காஸ்டரைச் சரிசெய்யும் காஸ்டர் புஷ், ஆக்சிலை நடுவில் நிறுத்தும் அட்ஜஸ்டபிள் பான்ஹார்ட் ராட் இரண்டையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

தினமும் ஆபீஸ், எப்போதாவது மண் ரோடு என்றால், இரண்டுக்கும் ஏற்ற ஆல் டெரைன் டயர் போதும். சேற்றுக்கான மட் டெரைன் டயர் கனம், சத்தமும் அதிகம், 1.5 லிட்டர் இன்ஜின் பாவம்.

ஆர்.சி. விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தடுக்கிறது. இன்சூரன்ஸிலும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வாங்கும்போது 5 டயராக வாங்குங்கள். ஸ்டெப்னி மட்டும் பழைய சைஸ் என்றால், அதை மாட்டிக்கொண்டு ஃபோர் வீல் டிரைவ் போடக் கூடாது.