கேமரா முன்னாடி அம்மா பேசுற தமிழ்

மலேசியாவுல நான் வளந்த ரப்பர் தோட்டத்துல கரண்டு ஜெனரேட்டர்ல இருந்துதான் வரும், ராத்திரி பத்து மணி ஆனா நிப்பாட்டிடுவாங்க. அம்மா சமைச்சு முடிச்சு, பக்கத்து வீட்டு ஆளுங்க பாயும் கையுமா வந்து உக்காந்து, அப்பா வீடியோ டேப்ப உள்ள தள்ளும்போது எப்படியும் ஏழரை ஆயிடும், தமிழ்ப் படமோ ரெண்டே முக்கா மணி நேரம், கணக்கு போட்டுப் பாருங்க. வில்லன் கதாநாயகியத் தூக்கிட்டுப் போய் குடோன்ல கட்டி வச்சிருப்பான், ஹீரோ மோட்டார்ல பறந்து வருவாரு, டப்புன்னு எல்லாம் இருட்டு. அவ்ளோதான். மறுநாள் டேப்ப கடையில திருப்பிக் குடுக்கணும், ஒரு நாள் பிந்துனா ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட், அபராதம்.

அதனால சின்ன வயசுல நான் பாத்த பாதிப் படத்துக்கு கிளைமாக்ஸே கிடையாது. காலைல அஞ்சரை மணிக்கு பெரட்டுக்கு, அதான் வேலைக்குப் பேர் கூப்பிடுறதுக்கு, நிக்கிற எடத்துல பெருசுங்க அதப் பத்தித்தான் பேசுவாங்களாம், அவன் செத்திருப்பான், இல்ல இவதான் செத்திருப்பான்னு. நாங்க பசங்க ஸ்கூல் பஸ்ல பேசுவோம். நான் சொல்ற முடிவு நல்லா இருக்கும்னு ஒருத்தன் எனக்கு ஐஸ் வாங்கிக் குடுத்தான், என் மொத சினிமா சம்பளம் அதுதான், இன்னிக்கு வரைக்கும் கடைசி சம்பளமும் அதேதான்.

நான் சுங்கை சிப்புட்காரன். 1948 ஜூன் 16ல மூணு வெள்ளைக்காரத் துரைங்கள சுட்டாங்களே, அதுக்கப்புறம் கம்யூனிஸ்டுங்கள ஒடுக்க வெள்ளைக்காரன் எமர்ஜென்சி போட்டானே, அந்த ஊரு. மலேசியாவுல மந்திரியா இருந்த துன் சம்பந்தன் பொறந்த ஊருன்னும் சொல்லுவாங்க. தோட்டங்கள துண்டு துண்டா வித்துட்டு இருந்த காலத்துல தொழிலாளிங்க கிட்டயே பங்குப் பணம் சேத்து தோட்டம் வாங்க 1960ல ஒரு கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சாரே, அவருதான். இந்த ரெண்டுமே சாதாரண கதையா சொல்லுங்க? ஆனா தமிழ்நாட்டுல இருந்து மலேசியாவுக்கு ஷூட்டிங் வர்றவங்க நேரா இரட்டைக் கோபுரத்துக்கு போவாங்க, ஒரு பாட்டு எடுப்பாங்க, பிளேன் ஏறிடுவாங்க. ஈப்போவத் தாண்டி முப்பது கிலோமீட்டர் வர ஆளில்ல.

2015 டிசம்பர்ல சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த 'ஜகாட்' படம் வந்துச்சு. கெட்டதுன்னு அர்த்தம் வர்ற மலாய் 'ஜஹாட்' நம்ம ஆளுங்க வாயில ஜகாட்டா மாறுது பாருங்க, அந்தப் பேரு. தோட்டத்த விட்டு வெளிய வந்த குடும்பம், தொண்ணூறுகளோட ஆரம்பம், ஒரு பையன். ஈப்போ போய்ப் பாத்தேன். கதை ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தத் திரையில ஒருத்தன் வாயத் தொறந்ததும் எனக்கு ஒடம்பு சிலிர்த்துச்சு, ஏன்னா அது எங்க தமிழ், எங்க ரோட்டோர ஒட்டுக்கடையில கேக்குற தமிழ். அடுத்த வருஷம் மலேசியத் திரைப்பட விழாவுல மொதல்ல அத மலாய் இல்லாத படங்களுக்குன்னு தனிப் பிரிவுல போட்டாங்க, அதுல பெரிய சண்டையாகி, கடைசில சிறந்த மலேசியப் படம்னே விருது குடுத்தாங்க. அதே 2016லதான் 'கபாலி'யும் வந்துச்சு. நம்ம தோட்டக் கதைய ரஜினி பேசுறாருன்னு எல்லாரும் ஆடுனோம், நானும்தான். இங்க ஓடுன பிரிண்டுல கடைசில அவரு போலீஸ்ல சரணடஞ்சிட்டாருன்னு ஒரு வரி சேத்திருந்தாங்க. ஜெனரேட்டர் நின்னுபோன காலத்துல நான் சொன்ன முடிவு எவ்வளவோ தேவல.

சரி, இப்ப என் கதை. செம்பனை மில்லுல, அதான் பாமாயில் எடுக்குற மில்லுல, லாரி எடை போடுற எடத்துல வேலை, வயசு நாப்பத நெருங்குது, சினிமா படிப்பு ஒண்ணும் கிடையாது. ஆனா குறும்படம் ஒண்ணு எடுத்துட்டு இருக்கேன், போன்லதான். பால் மரம், அதான் ரப்பர் மரம், சீவுற ஒரு அம்மா, விடியக்காலைல ஒரு நாள், பன்னெண்டு நிமிஷம். போன்ல எடுக்கிறது சுலபம்னு நெனச்சேன் லா. வீட்டுக்குள்ள எடுத்தா டியூப் லைட்டு கோடு கோடா ஓடுது, நம்ம ஊரு கரண்டு அம்பது ஹெர்ட்ஸ், ஷட்டர ஒரு செகண்டுல அம்பதுல ஒரு பங்குக்கு வச்சாத்தான் அது நிக்கும்னு கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு மாசம்.

அடுத்தது மரம். நான் வளந்த தோட்டம் முழுக்க இப்ப செம்பனை. செம்பனைக்கு அடியில வெளிச்சம் கனமா, பச்சையா, ஒரே மாதிரி கெடக்கும். ரப்பர் மரம் அப்படி இல்ல, பிப்ரவரி மார்ச்சுல எல எல்லாம் செவந்து கொட்டும், அந்த சில வாரம் மட்டும் நெரைக்கு நடுவுல நேரா வெயில் எறங்கும், காலு வச்சா சரசரன்னு சத்தம். எனக்கு அந்த வெளிச்சம்தான் வேணும். மாமாவுக்கு மூணு ஏக்கர் பழைய மரம் மிச்சம் இருக்கு, அதையும் வெட்டப் போறேன்னு ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்றாரு.

நடிக்கிறது எங்க அம்மா. இருபத்தாறு வருஷம் மரம் சீவுனவங்க, கத்தியப் புடிச்சா கை தானா போகும், அதுல ஒரு கொறையும் இல்ல. பிரச்சன வாய்தான். மகன் எந்திரிச்சு வர்றான், அம்மா "பசியாறிட்டியாடா"ன்னு கேக்கணும், அவ்ளோதான் வசனம். தெனமும் என்னக் கேக்குற கேள்வி. நான் போனைத் தூக்குனேன் பாருங்க, குரல் மாறிடுச்சு, கழுத்து சாஞ்சிடுச்சு, "சாப்பிட்டாயா கண்ணா"ன்னு கேக்குறாங்க! கண்ணாவாம். பொறந்ததுல இருந்து என்ன ஒரு தடவ கூட அப்படிக் கூப்பிட்டதில்ல. பதினோரு டேக் போச்சு, பதினோரு கண்ணா. அவங்கள சொல்லிக் குத்தமில்ல, அம்பது வருஷமா திரையில பாத்த அம்மாங்க எல்லாம் அப்படித்தான் பேசுனாங்க, கேமரான்னா அந்தத் தமிழ்தான்னு மனசுல பதிஞ்சு கெடக்கு. சொல்லப்போனா நானே மொதல்ல எழுதுன ஸ்கிரிப்ட்ல "என்னடா ஆச்சு உனக்கு, ஏன் இப்படி இருக்க"ன்னுதான் எழுதி வச்சிருந்தேன், இந்த ஊர்ல எவன் அப்படிக் கேக்குறான்?

போன வாரம் மாமா தோட்டத்துல போனை மரத்துல சாச்சு வச்சிட்டு தண்ணி குடிக்கப் போயிட்டேன், ரெக்கார்டிங் ஓடிட்டு இருந்திருக்கு. நாப்பது செகண்டு. அம்மா ரப்பர் பால் புடிக்கிற மங்க கவுத்துத் தொடைக்கிறாங்க, கொசுவ அடிக்கிறாங்க, "அலாமா, இந்தக் கொசுக்குப் பொறந்த கொசு, டேய் எங்கடா போன, வெயில் ஏறுனா பால் நின்னுடும்டா, படம் புடிக்கிறானாம் படம்"னு மரத்துக்கிட்டயே பொலம்புறாங்க. நான் எழுதுன பன்னெண்டு நிமிஷத்துல அந்த நாப்பது செகண்டுக்கு ஈடா ஒரு வரி கெடையாது.

ராத்திரி போட்டுக் காட்டுனேன். பாத்துட்டு மொகம் செவந்து போச்சு. "பல்லு கூட வெளக்கல நானு, இதையா ஊருக்குக் காட்டப் போற, அழி மொதல்ல"ன்னு ஒரே சத்தம். அழிக்கல, ஆனா அவங்க சரின்னு சொல்லாம போடவும் முடியாது இல்ல. ரெண்டு நாள் பேரம் பேசி இப்ப ஒரு வழியா முடிவாகியிருக்கு: அந்தக் கொசு சீன நான் வச்சுக்கலாம், பதிலுக்கு அவங்க பட்டுச் சேலை கட்டி, பூ வச்சு, சாமி படத்துக்கு முன்னாடி நின்னு அழுற மாதிரி ஒரு சீன் எடுத்துத் தரணும், அதுல வசனம் அவங்களே பேசிக்குவாங்களாம். ஞாயித்துக்கிழம காலைல ஷூட்டிங்.