பத்திரிசியார் கல்லூரி மாடியிலிருந்து நூலகம் வரை

யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பி இரண்டு நாள்தான் ஆகிறது. கப்பல், தங்குமிடம், செலவுக் கணக்கு என்று வரிசையாக எழுதித் தருகிறேன் என்று நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். ஆனால் உட்கார்ந்தால் ஒரு பள்ளிக்கூடம்தான் கண்ணில் நிற்கிறது.

அதற்கு முன்னால் ஓட்டோ விவகாரம். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் நாலு மணி நேரத்தில் காங்கேசன்துறை. கடல் நன்றாகவே ஆட்டியது. இறங்கும்போது கால் தரையில் நிற்கவில்லை. அந்த நிலைமையில் ஓட்டோக்காரர் ஒருவர் யாழ்ப்பாணம் நகருக்கு ஐயாயிரம் கேட்டார். இலங்கை ரூபாய்தான், ஆனாலும் நம் காசில் ஆயிரத்து நானூறு! தூரமோ இருபது கிலோமீட்டர்கூட இல்லை. "கப்பலில வாற ஆக்களுக்கு இதுதான் காசு" என்றார். பேரம் பேசி நாலாயிரத்துக்கு ஏறினேன். மூன்று நாளுக்கு ஒதுக்கிய சாப்பாட்டுக் காசில் பாதி அங்கேயே போயிற்று. திரும்பும்போது பஸ்ஸில் வந்தேன். இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை. துறைமுகத்துக்கு வெளியே கொஞ்சம் நடந்து பஸ் பிடியுங்கள், தயவுசெய்து.

நான் போனதே தனிநாயகம் அடிகள் படித்த பள்ளியைப் பார்க்கத்தான். ஊர்காவற்றுறைக்காரர், அங்கே புனித அந்தோனியார் கல்லூரியில் தொடங்கி, பிறகு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரிக்கு வந்தவர். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமைய முன்நின்று, 1966-ல் கோலாலம்பூரில் முதல் மாநாட்டைக் கூட்டிய மனிதர் பையனாக நடந்த வராந்தாவில் நாமும் ஒருமுறை நடக்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் பல வருடமாக உண்டு.

பத்திரிசியார் கல்லூரி என்று கேட்டு வழி தேடினேன். "சென் பற்றிக்ஸோ?" என்று திருப்பிக் கேட்டார்கள். ஊரில் அதுதான் பெயர். புனித மரியன்னை பேராலயத்தையும் இப்படித்தான், 'பெரிய கோயில்' என்றால்தான் கை நீட்டுகிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே, கடற்கரைக் குருநகரை ஒட்டி இருக்கிறது பள்ளி.

வாசலில் விவரம் சொன்னதும், அன்று வந்திருந்த பழைய மாணவர் ஒருவர் தானாகவே சுற்றிக் காட்ட முன்வந்தார். பெரிய மைதானம், நீண்ட வராந்தாக்கள், சிற்றாலயம். 'விசுவாசத்தாலும் உழைப்பாலும்' என்பது பள்ளியின் விருதுவாக்கு. மைதானத்தைக் காட்டியபோது மட்டும் அவர் குரலே மாறிவிட்டது. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியோடு இவர்கள் ஆடும் கிரிக்கெட் போட்டிக்குப் 'பொன் அணிகளின் போர்' என்று பெயர்; இரண்டு கொடியிலும் பொன்னிறம் உண்டு. தான் பார்த்த ஆட்டங்களை விக்கெட் விக்கெட்டாகச் சொன்னார். அரை மணி நேரம் வெயிலில் நின்று கேட்டேன், சலிக்கவே இல்லை.

நாகையில் 1844-ல் இயேசு சபையார் தொடங்கிய கல்லூரிதான் பின்னால் திருச்சிக்குப் போய் புனித வளனார் கல்லூரியாக நிற்கிறது. அதற்கு ஆறே வருடம் கழித்து, 1850-ல், கடலுக்கு இந்தப் பக்கம் இத்தாலியரான பெற்றாக்கினி ஆண்டகை இந்தப் பள்ளியைத் தொடங்கினார். முன்பு ஆண்கள் செமினறி என்று பெயர்; பத்திரிசியார் பெயர் 1881-ல் வந்தது. அயர்லாந்தின் பாதுகாவலரான புனிதரின் பெயர் இங்கே எப்படிப் பொருந்துகிறது என்று யோசித்தால், தொடக்க காலத் தலைமை ஆசிரியர் பற்றிக் ஃபோய் முதல் எத்தனையோ அயர்லாந்துக்காரர்கள் இங்கே வந்து உழைத்திருக்கிறார்கள். அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள்தான் பள்ளியை நீண்ட காலம் வளர்த்தார்கள்.

பகல் ஒன்றரைக்குப் பள்ளி விட்டது. என் நண்பனின் உறவுக்கார அக்கா வீடு குருநகரில். ஒடியல் கூழ்! நண்டு, இறால், மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் ஒரே பானையில், ஒடியல் மா, அதாவது காயவைத்த பனங்கிழங்கு மா கரைத்து, புளியும் செத்தல் மிளகாயும் போட்டு. பனையோலைப் பிளாவில் ஊற்றி, "வடிவாக் குடியுங்கோ தம்பி, வெக்கப்படாதேங்கோ" என்றார் அக்கா. மூன்று பிளா குடித்தேன். ஓட்டோக்காரர் மீதிருந்த கோபம் இரண்டாவது பிளாவிலேயே போய்விட்டது. நண்டுக் கால் உறிஞ்சத் தெரியாதவர்கள் யாழ்ப்பாணம் போகும் முன் கற்றுக்கொண்டு போங்கள்.

சாயங்காலம் பொது நூலகத்துக்கு நடந்தேன், இருபது நிமிட நடை. என்னை உலுக்கிய விஷயம் இங்கேதான். 1933-ல் கே. எம். செல்லப்பா தன் வீட்டிலேயே தொடங்கிய வாசிப்பு முயற்சி, ஊர் நூலகமாகி, பெரிய கட்டடமாக எழ வேண்டும் என்று ஓடியாடி உழைத்தவர்களில் ஒருவர், 1936 முதல் 1954 வரை பத்திரிசியார் கல்லூரி அதிபராக இருந்த அயர்லாந்துக் குரு லோங் அடிகள். 1981 மே 31 இரவு அந்த நூலகத்தை எரித்தார்கள். 97,000 நூல்கள். தமிழ்ச் சொற்பிறப்பு அகராதி தொகுத்த மொழியறிஞர் தாவீது அடிகள், அதே பத்திரிசியார் கல்லூரி மாடியிலிருந்து அந்தத் தீயைப் பார்த்து, அதிர்ச்சியில் உயிர் விட்டார் என்று யாழ்ப்பாணத்தில் சொல்கிறார்கள். நூலகத்துக்காக உழைத்தவரும் அது எரிவதைக் கண்டு மாண்டவரும் ஒரே வளாகத்துக் குருக்கள். தனிநாயகம் அடிகள் 1980-லேயே போய்விட்டார், இதைப் பார்க்கவில்லை.

காலையில் அந்தப் பழைய மாணவர் மாடியைக் கைகாட்டியபோது இந்தக் கதையை முழுதாகச் சொல்லவில்லை. "தாவீது சுவாமி அங்கையிருந்துதான் பாத்தவர்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்துவிட்டார். நூலகத்தின் முகப்பில், கலைமகள் சிலைக்குக் கீழே நின்றபோதுதான் அந்த வார்த்தை எனக்கு எட்டியது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். திருப்பிக் கட்டிய வெள்ளைக் கட்டடம். வாசிப்பு அறையில் வெள்ளைச் சட்டைப் பையன்கள் நாலைந்து பேர் உயர்தரப் பரீட்சைப் புத்தகங்களை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் பள்ளி என்று ஒருவனிடம் கேட்டேன். "சென் பற்றிக்ஸ்" என்றான்.

தங்குமிடம் பற்றி ஒரே வார்த்தை: பெரிய கோயில் பக்கம் அறை எடுங்கள். பள்ளிக்கும் நூலகத்துக்கும் கால்நடையாகவே போய் வரலாம்.