மாவு ஏன் எழும்பவில்லை?

ஜூன் 7, ஞாயிறு

காலை 9 மணிக்குப் பிசைந்து மூடி வைத்த பிரெட் மாவு, மதியம் 1 மணிக்கும் வைத்தது வைத்தபடியே கிடந்தது. 500 கிராம் மைதா, 325 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு, 7 கிராம் ட்ரை ஈஸ்ட். எல்லாம் தராசில் நிறுத்துப் போட்டவை. இரண்டு மடங்காக வேண்டிய மாவு ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை. சரி, ஓவன் சூட்டிலாவது எழும்பட்டும் என்று உள்ளே தள்ளினேன். வெளியே வந்ததைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம்.

ஜூன் 9

பழியை ஈஸ்ட் மேல் போட்டாயிற்று. பாக்கெட்டைப் பிரித்து நான்கு மாதம் இருக்கும். வாயைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில் வைத்திருந்தேன். ஈஸ்ட் உயிருள்ள பொருள். காற்றும் ஈரமும் படப்பட வீரியம் போய்விடும். புதுசு வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசருக்குள் வைத்தேன்.

ஜூன் 10

புது ஈஸ்ட்டிலும் அதே செங்கல்.

உப்பா? ஈஸ்ட்டோடு சேர்த்துக் கொட்டவில்லையே. மாவைப் போதுமான அளவு பிசையவில்லையா? ஒரு துண்டை எடுத்து மெல்ல இழுத்துப் பார்த்தபோது கிழியாமல், வெளிச்சம் தெரிகிற அளவுக்குச் சவ்வு மாதிரி விரிந்ததே. காற்றைப் பிடித்து வைக்க ஆள் தயார், காற்றுதான் வரவில்லை.

ஜூன் 11

இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். இரண்டு டம்ளர், இரண்டிலும் ஒரு தேக்கரண்டி ஈஸ்ட், அரைத் தேக்கரண்டி சர்க்கரை. ஒன்றில் நான் வழக்கமாக ஊற்றும் ‘வெதுவெதுப்பான’ தண்ணீர். மற்றதில், மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் சூடே தெரியாத தண்ணீர்.

பத்து நிமிடத்தில் இரண்டாவது டம்ளர் நுரைத்துத் தளும்பியது. முதலாவதில் அடியில் பழுப்பு வண்டல்.

தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன். என் வெதுவெதுப்பு 61 டிகிரி! ட்ரை ஈஸ்ட் கரைக்க 40 டிகிரியை ஒட்டி இருந்தால் போதும். 55ஐத் தாண்டினால் செத்துவிடும். கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கிப் பழகிய விரலை நம்பி இத்தனை நாள் ஈஸ்ட்டை வேகவைத்திருக்கிறேன். அதிலும் கரைத்த கையோடு மாவில் ஊற்றிவிடும் அவசரம் வேறு. நுரைக்கிறதா என்று நின்று பார்த்திருந்தால் 500 கிராம் மாவு இரண்டு முறை வீணாகியிருக்காது. பழைய பாக்கெட் நன்றாகவே இருந்ததோ என்னவோ. பாவம், விசாரிக்காமலே குப்பையில் போட்டேன்.

ஜூன் 14, ஞாயிறு

38 டிகிரி தண்ணீர். ஒன்றேகால் மணி நேரத்தில் மாவு பாத்திரத்தின் விளிம்புக்கு வந்துவிட்டது. மூடியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் பேராசை. அச்சில் போட்ட பிறகு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விட்டுவைத்தேன். ஓவனுக்குள் போனதும் நடுவில் பொத்தென்று அமுங்கியது. காற்று அதிகமாகி, இழுபட்ட மாவு அதற்கு மேல் தாங்காது. மாவை விரலால் லேசாக அழுத்த வேண்டுமாம். பள்ளம் உடனே துள்ளி மேலே வந்தால் நேரமாகவில்லை, மெதுவாகப் பாதி நிரம்பினால் ஓவனுக்குப் போகலாம், அப்படியே நின்றுவிட்டால் காலம் கடந்துவிட்டது. மறுபடியும் விரலை நம்பச் சொல்கிறார்கள்!

ஜூன் 17

மழை. வீட்டுக்குள் குளிர்ச்சி. அகலப் பாத்திரத்தில் மாவு பக்கவாட்டில் பரவுவதால் எவ்வளவு எழும்பியது என்று கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. அதனால் ஒரு சின்ன உருண்டையை நேரான கண்ணாடி டம்ளரில் அழுத்தி, மட்டத்தில் ரப்பர் பேண்ட் மாட்டிப் பாத்திரத்தின் பக்கத்திலேயே வைத்தேன். ஆம், அதே பழைய பாக்கெட்டின் ரப்பர் பேண்ட்.

டம்ளரில் இரண்டு மடங்காக இரண்டே கால் மணி நேரம் ஆனது. ஒரு மணி நேரம் என்று சமையல் குறிப்பில் இருந்தால், அது எழுதியவர் வீட்டு வெப்பத்துக்கு. இனி கடிகாரத்தைப் பார்ப்பதாக இல்லை.

பிரெட் எழும்பியது, அமுங்கவில்லை, மேலே நல்ல பொன்னிறம். ஆறும்வரை பொறுக்க முடியாமல் வெட்டிவிட்டேன். உள்ளே கத்தியில் ஒட்டுகிறது.