கொப்பியில் எழுதிய வயிறு

2022 சித்திரைப் புதுவருஷத்தன்று வெற்றிலையில் வைத்துக் கைவிசேஷம் தந்த பெரிய மாமி, என் வயிற்றை ஒரு பார்வை பார்த்தார். “விசேஷத்தச் சொல்லவே இல்லையேகா, எத்தின மாசம்?” என்றார். ஒரு மாசமும் இல்லை. பிள்ளைக்காகச் செய்துவந்த சிகிச்சையில், நான்கு நாட்களுக்கு முன்புதான் கொழும்பில் என் சூலகங்களிலிருந்து 19 கருமுட்டைகளை எடுத்திருந்தார்கள். வயிறு வீங்கியிருந்தது மருந்தால். விறாந்தையில் பத்துப் பேருக்கு நடுவில் அதை எப்படிச் சொல்வது? “வாய்வு மாமி” என்றேன். உடனே உள்ளி சுடச் சொல்லிக் குசினிப் பக்கம் குரல் கொடுத்தார்.

மருந்துகள் அதற்கு ஒரு வருடம் முன்பே தொடங்கிவிட்டன. எனக்குப் பிசிஓஎஸ், அதாவது சூலகத்தில் முட்டை ஒழுங்காக முதிர்ந்து வெளிவராத சுரப்புக் கோளாறு, இருந்ததால் முதலில் தந்தது மெட்போமின். அப்பா நீரிழிவுக்கு எடுக்கும் அதே குளிசைதான். காலையில் வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு வேலைக்குப் போனேன். மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தைத் தாண்டும் முன்பே ஓட்டோவைத் திருப்பச் சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு கிளினிக்கில் கேட்டு, குறைந்த அளவில் தொடங்கி, சோற்றுக்கு நடுவில் எடுக்கத் தொடங்கியதும் இரண்டு மூன்று கிழமையில் வயிறு பழகிவிட்டது.

அடுத்தது லெட்ரசோல், மாதத்தில் 5 நாள். பெட்டிக்குள் இருந்த துண்டுச்சீட்டை என் கணவர் வாசித்துவிட்டு முகம் வெளிறிப்போய் நின்றார். அதில் மார்புப் புற்றுநோய் என்று போட்டிருந்தது. அன்றிரவு இரண்டு பேரும் தூங்கவில்லை. மறுநாள் கிளினிக் தாதி மிஸ்ஸி சிரித்துக்கொண்டே விளக்கினார். அது முதலில் அந்த நோய்க்கு வந்த மருந்துதானாம். உடம்பில் ஈஸ்ட்ரஜன் குறைந்ததும், முட்டையை வளர்க்கும் சுரப்பை மூளை கூட்டி அனுப்புகிறது, அதற்காகத்தான் எங்களுக்குத் தருகிறார்கள். இந்த இரண்டு வசனத்தைக் குளிசை தரும்போதே சொல்லியிருக்கலாம்.

அந்த நாட்களில் தலையிடி, களைப்பு, திடீர் திடீரென்று உடம்பு கொதிப்பது. கல்லடி வெயிலில் யாருக்குத்தான் வியர்க்காது என்று முதலில் விட்டுவிட்டேன். விடியற்காலை 3 மணிக்கு, ஜன்னலால் காற்று வரும்போதும் தலையணை நனைந்தபோதுதான் இது வெயில் இல்லை என்று புரிந்தது. அன்றைக்கு ஒரு சிஆர் கொப்பி வாங்கினேன். திகதி, மருந்து, நேரம், உடம்புக்கு என்ன செய்தது, அவ்வளவுதான் எழுதுவேன்.

மனநிலையையும் எழுதினேன். ஒருநாள் இவர் தேங்காய்ப்பூவைக் கரடுமுரடாகத் துருவிவிட்டார் என்று அழுதிருக்கிறேன். வாசித்தால் இப்போது சிரிப்பு வருகிறது. ஆனால் இன்னொன்றும் அதே கொப்பியில் இருக்கிறது. டொக்டரைப் பார்க்கும் நாளன்று லீவு போட மறந்துவிட்டு வந்தவரிடம் நான் கோபப்பட்டதற்கு, “மருந்துதான் கதைக்குது, நீ இல்ல” என்றார். அந்தக் கோபம் என்னுடையதுதான். மருந்தைச் சாட்டி அதைத் தள்ளிவிட முடியாது என்று அன்றே சொன்னேன். அதன் பிறகு, சண்டை வந்தால் முதலில் கேட்பார்: “இது நீயா, குளிசையா?” நான் சொல்வதை நம்ப வேண்டும் என்பது ஒப்பந்தம்.

குளிசைகள் கைகொடுக்காததால், முட்டைகளை வளர்க்கும் ஊசிக்கு மாறினோம். 2022 மார்ச் கடைசி. பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியால மின்வெட்டு. பேனா ஊசிகளை 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும், வெளியே வைத்தாலும் 25 பாகையைத் தாண்டக்கூடாது. எங்கள் அறையோ அப்போது 32 பாகையில் கொதித்தது. மச்சான் தன் கூட்டாளியின் மீன்வாடி ஐஸ் பெட்டியில் போடுவோம் என்றார். உறைந்தால் மருந்து கெட்டுவிடும் என்று தடுத்தேன். கடைசியில் புதிய ரெஜிபோம் (தெர்மாகோல்) பெட்டி ஒன்று, இரண்டு ஜெல் பை, உள்ளே ஒரு வெப்பமானி. கரண்ட் வரும் நேரத்தில் ஜெல் பைகளை உறைய வைத்து எடுப்போம். அந்தப் பெட்டியை மடியில் வைத்தபடிதான் இரவு ரயிலில் கொழும்புக்குப் போனேன். ஊசி குத்திய இடங்கள் நீலம் பாரித்தன. இடது, வலது என்று மாற்றிக் குத்தியதும் பரவாயில்லை.

இனிப் புதுவருஷ நாளுக்கு வருகிறேன். முட்டை நிறைய வந்ததால், கருக்களை வெளியில் உருவாக்கி, உடனே கருப்பையில் வைக்காமல் எல்லாவற்றையும் உறைய வைப்பதாக டொக்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது, தினமும் காலையில் நிறை பார், மூச்சு முட்டினால், சலம் (சிறுநீர்) குறைந்தால், ஒரு நாளில் ஒரு கிலோவுக்கு மேல் கூடினால் அழை என்றார். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். சூலகங்கள் அளவுக்கு மிஞ்சித் தூண்டப்பட்டுவிட்டால், இரத்தக் குழாயில் ஓட வேண்டிய நீர் கசிந்து வயிற்றுக்குள் சேர்ந்துவிடும். வயிறு நிறையத் தண்ணீர், ஆனால் தொண்டை வறளும், சலம் கடும் மஞ்சளாகப் போகும்.

13ஆம் திகதி காலை 61.2 கிலோ. 14ஆம் திகதி 62.6. தையல் நாடாவால் தொப்புளைச் சுற்றி அளந்தால் 4 சென்ரிமீற்றர் கூட. கொப்பி இல்லாவிட்டால், பலகாரம் தின்றதால் என்றுதான் நினைத்திருப்பேன். மாமி தந்த சுட்ட உள்ளியைச் சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போய் டொக்டரை அழைத்து இலக்கங்களை வாசித்தேன். அன்றே ஸ்கான் பண்ணச் சொன்னார். பெரியாஸ்பத்திரியில் இரண்டு இரவு இருந்தேன். இரத்தம் எடுத்தார்கள், சலத்தை அளந்தார்கள், இரத்தம் கட்டாமல் இருக்க ஊசி போட்டார்கள். நோவுக்குப் பனடோல் மட்டும், வேறு வலிமாத்திரை தொடக்கூடாது. பாரம் தூக்காதே, சடாரென்று திரும்பாதே என்றார்கள், வீங்கிய சூலகம் முறுக்கிக்கொள்ளுமாம். தாகத்துக்கு ஏற்றபடி தண்ணீர், ஜீவனி உப்புக் கரைசல், முட்டை, பாலாணமும் மீனும். ஒரு கிழமையில் வயிறு வற்றியது.

ஆஸ்பத்திரியில்தான் மாமிக்கு உண்மையைச் சொன்னேன். சோற்றுப் பார்சலை அவிழ்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். “மறுகா ஏன் புள்ள அண்டைக்கு வாய்வு எண்டு சொன்ன?” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. அடுத்த நாளிலிருந்து நிறை பார்க்கும் தராசை அவரே எடுத்து வைத்தார்.

கரு வைப்பதையொட்டித் தந்த புரொஜெஸ்தரோன் என்ற சுரப்பு மருந்து உடம்புக்குப் பெரிய தொல்லை தரவில்லை, மனதுக்குத்தான் தந்தது. நித்திரை, மார்பு நோவு, மலச்சிக்கல், வயிறு உப்பல். எல்லாம் கர்ப்பத்தின் அடையாளங்களும்தான். முதல் முறை ஒவ்வொன்றையும் நல்ல சகுனமாக எண்ணினேன். அந்தக் கரு தங்கவில்லை. இரண்டாம் முறை, கொப்பியில் அந்த அறிகுறிகளுக்கு எதிரே “மருந்து” என்று மட்டும் எழுதி மூடினேன். அது தங்கியது. ஆனாலும் அறிகுறிகள் இரண்டு முறையும் ஒன்றேதான், கொப்பியைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

போன மாதம் களுவாஞ்சிக்குடியில் ஒரு தங்கச்சிக்கு ஊசி தொடங்கியது. தராசையும் ரெஜிபோம் பெட்டியையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜெல் பை நேரே ஊசியில் முட்டக்கூடாது, இடையில் ஒரு துவாயை மடித்து வை என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றிரவே வெப்பமானியைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். 6 பாகை.