ஆப்பிள் டூ லோ-ரெஸ்: நாலே பிட்டுல கலர்

1977ல வந்த ஆப்பிள் டூ கம்ப்யூட்டர் பத்தி பேசுறவங்க எல்லாம் 280க்கு 192 புள்ளின்னு நுணுக்கமா படம் காட்டுற ஹை-ரெஸ் மோடை தான் புகழுவாங்க. எனக்கு மனசு போறது 40க்கு 48 பெரிய கட்டம் மட்டும் இருக்குற லோ-ரெஸ் மோடு மேல தான், அதுல ஒரு கட்டத்துக்கு கலர் போட்டா அந்த மெஷின் உள்ள என்ன செய்யுதுன்னு அப்படியே கண்ணுல தெரியும்.

இதை டிசைன் பண்ண ஸ்டீவ் வாஸ்னியாக் அதுக்கு முன்னாடி அட்டாரி கம்பெனிக்காக பிரேக்அவுட் கேமை சாஃப்ட்வேரே இல்லாம வெறும் சிப்பை வச்சு டிசைன் பண்ணவரு, அதே கேமை பேசிக்ங்கிற புரோகிராம் மொழில எழுதி ஓட்டிடணும்னு ஆசை வந்து தான் கலரு, கேம் பேடில், ஸ்பீக்கர் எல்லாம் இந்த மெஷினுக்குள்ள வந்துச்சு.

இதுல கலர் வர்ற விதம் தான் அழகு. நாம கொடுக்குற கலர் நம்பர் ஏதோ ஒரு டேபிள்ல தேடி எடுக்குற நம்பர் இல்ல. அந்த நம்பரோட 4 பிட்டையே (ஆன், ஆஃப்னு இருக்குற 1, 0) திரும்பத் திரும்ப டிவி சிக்னலா அனுப்புது, அவ்ளோ தான். அமெரிக்காவோட பழைய என்டிஎஸ்சி முறை டிவி கலரை கண்டுபிடிக்கிறது 3.58 மெகாஹெர்ட்ஸ் அலையை வச்சு, மெஷினோட துடிப்பைக் குடுக்குற கிரிஸ்டல் அதுக்கு சரியா 4 மடங்கு, 14.318 மெகாஹெர்ட்ஸ். அப்போ 4 பிட் போனா ஒரு அலை முடியுது. 1, 2, 4, 8 நாலுலயும் ஒரே ஒரு பிட் தான் ஆன், அது இருக்குற இடம் தான் மாறுது, அதுக்கே மெஜந்தா, கருநீலம், கரும்பச்சை, பிரவுன்னு நாலு கலர்! 5, 10 ரெண்டும் ஒண்ணு விட்டு ஒண்ணு ஆன் ஆகுறதால அலை வேகம் ரெண்டு மடங்காயிடும், டிவிக்கு கலரே தெரியாது, அதனால ரெண்டுமே ஒரே கிரே. 16 கலர்னு சொன்னாலும் பாக்குறதுக்கு 15 தான்.

மெமரி விஷயத்துக்கு வருவோம். டெக்ஸ்ட் ஸ்கிரீனுக்கும் லோ-ரெஸ்ஸுக்கும் ஒரே இடம், 1024ல இருந்து 2047 வரைக்கும். ஒரு எழுத்து இருக்குற பைட்டுல ரெண்டு கட்டம், கீழ் 4 பிட் மேல் கட்டத்துக்கு, மேல் 4 பிட் கீழ் கட்டத்துக்கு. இதைப் புரிஞ்சிக்க ஒரு எமுலேட்டர்ல (பழைய மெஷின் மாதிரியே ஓடுற சாஃப்ட்வேர்) ஸ்கிரீனை அழிச்சிட்டு, லோ-ரெஸ்ஸுக்கு மாத்துற ஜிஆர் கமாண்ட் குடுக்காம 49232லயும் 49238லயும் மட்டும் போக் பண்ணி (அந்த அட்ரஸ்ல ஒரு நம்பரை எழுதி) பாருங்க. காலி இடத்தோட பைட் 160, அதாவது 10 தடவை 16 கூட 0, அதனால ஸ்கிரீன் பூரா கருப்பும் கிரேயுமா கோடு கோடா வரும் (அடியில 4 வரி மட்டும் டெக்ஸ்டாவே நிக்கலாம், 49234ல போக் பண்ணா அதுவும் போயிடும்).

மெஷின் கோடுல எழுதப் போறவங்க ஒண்ணு கவனிக்கணும், வரிசை எல்லாம் தொடர்ச்சியா இருக்காது. முதல் டெக்ஸ்ட் வரி 1024, அடுத்தது 1152, ஆனா 1064ல இருக்குறது ஒன்பதாவது வரி. ஒவ்வொரு 128 பைட்டுலயும் மூணு வரி போக 8 பைட் மிச்சம், அது ஸ்லாட்டுல சொருகுற கார்டுங்களுக்கு, அதுல கை வைக்காதீங்க. ஒவ்வொரு தடவையும் கணக்கு போடாம 24 அட்ரஸையும் டேபிளா வச்சிக்கிறது தான் நல்லது, 48 பைட் தான் ஆகும், 1 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுற 6502 பிராசஸர்ல அந்த வித்தியாசம் நல்லாவே தெரியும்.

ரெண்டாவது பேஜ் (இன்னொரு ஸ்கிரீனுக்கான மெமரி) 2048ல ஆரம்பிக்குது, அனிமேஷனுக்கு அருமையா இருக்கும், ஆனா ஆப்பிள்சாஃப்ட் பேசிக் புரோகிராமும் அங்க தான் உக்காந்திருக்கும், அதை முதல்ல மேல நகர்த்திட்டு தான் ஆரம்பிக்கணும்.