எண்களை ஒப்பிப்பதும் எண்ணுவதும்

என் மகள் மூன்றரை வயதில் ஒன்று முதல் இருபது வரை தடையின்றிச் சொல்வாள். ஆனால் ஐந்து பொத்தான்களை எண்ணி முடித்ததும், "மொத்தம் எத்தனை?" என்று கேட்டால், விடை சொல்லாமல் மீண்டும் ஒன்றிலிருந்தே எண்ணத் தொடங்குவாள். கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தத்தைக் குறிக்கிறது என்பது, எண்களை வரிசையாக ஒப்பிப்பதிலிருந்து முற்றிலும் வேறான ஓர் அறிவு என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். உளவியலாளர்களான கெல்மனும் காலிஸ்டலும் 1978-இல் எடுத்துரைத்த ஐந்து எண்ணும் நெறிகளுள் இதுவும் ஒன்று. ஒரு பொருளுக்கு ஓர் எண் மட்டுமே உரியது என்பதும், எந்தப் பொருளிலிருந்து தொடங்கினாலும் மொத்தம் மாறாது என்பதும் அவற்றில் அடங்கும்.

ஆகவே ஒப்பிக்கச் சொல்வதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பொருளையும் தொட்டு நகர்த்தி எண்ணவும், "மூன்று எடுத்துக் கொடு" என்றால் சரியாக எடுத்துத் தரவும் பழக்கினேன். பத்துக் குச்சிகளை ஒரு கட்டாகக் கட்டி, அருகில் தனிக்குச்சி ஒன்றை வைத்தபோது, பதினொன்று என்னும் சொல்லுக்குள் பத்தும் ஒன்றும் இருப்பதை அவளே கண்டுகொண்டாள். அந்த மகிழ்ச்சியை என்னால் மறக்க இயலாது.

எழுதுவதற்கு அவசரம் வேண்டாம். 3, 7 போன்றவற்றைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி எழுதுவது இளம் வயதில் இயல்பானதே. அதற்காகக் குழந்தையைக் கடிந்துகொள்வதில் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. காற்றிலும் மணலிலும் விரலால் பெரிதாக வரைந்து பழகிய பின்பே பென்சிலைக் கொடுத்தேன். இப்போது 5-ஐ மட்டும் சில நாள்களில் திருப்பி எழுதுகிறாள்.