பிஸ்கட் ஜாடிக்கு அடியில் எங்கள் தபால்

மகனுடைய மோட்டார் சைக்கிளின் பதிவுச் சான்று, 2025 ஏப்ரலில், எங்கள் வாசலைப் பார்க்காமலேயே திரும்பிப் போய்விட்டது. தபால் எண்ணைப் போட்டுத் தேடினால், முகவரி போதவில்லை என்று ஒரு வரி. அந்த உறையின் மேல் கதவு எண், நகர், அஞ்சல், வழி, வட்டம், மாவட்டம், பின்கோடு எல்லாம் இருந்தன. இதற்கு மேலும் போதவில்லை என்றால் ஜாதகத்தைத்தான் இணைத்து அனுப்ப வேண்டும்.

முன்பு என்றால் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒரு நடை போய்க் கையோடு வாங்கி வந்திருக்கலாம். 2024 பிப்ரவரி 28 முதல் தமிழ்நாட்டில் ஓட்டுநர் உரிமமும் பதிவுச் சான்றும் விரைவு அஞ்சலில் மட்டும்தான் வருகின்றன. ஆக, வண்டி வைத்திருக்கிறவனுக்கும் தபால்காரருடைய தயவு வேண்டும் என்று அன்று எனக்குப் புரிந்தது.

எங்கள் நகர் குடமுருட்டியின் தென்கரையில் இருக்கிறது. சம்பா அறுத்த ஈரத்தில் உளுந்து தெளித்த நஞ்சையாக அந்த இடத்தை நானே பார்த்திருக்கிறேன். பிறகு கல் ஊன்றி மனை போட்டார்கள். முதலில் பதினோரு வீடு. இப்போது நூற்று முப்பதைத் தாண்டிவிட்டது. இதே சாமி பெயரில் ஆற்றுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இன்னும் இரண்டு நகர்கள் உண்டு. மனை போடுகிறவர்களுக்குச் சாமி பெயர்கள் தீர்ந்துவிட்டன போலிருக்கிறது.

தபால் எங்களுக்கு எப்படி வந்துகொண்டிருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். நகரின் நுழைவு வளைவை ஒட்டி ஒரு பெட்டிக்கடை. தபால்காரர் அங்கே வண்டியை நிறுத்தி, எங்கள் நகரின் கட்டைக் கடைக்காரரிடம் நீட்டிவிட்டுப் போய்விடுவார். கடைக்காரர் அதற்கு ரப்பர் வளையம் போட்டு பிஸ்கட் ஜாடிக்கு அடியில் வைப்பார். பால் வாங்கப் போகிறவர்கள் கட்டைப் பிரித்துத் தங்களுடையதை எடுத்துக்கொள்வோம். மற்றவர்களுடையதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வைப்போம். இல்லை என்று சொன்னால் பொய். ஒருமுறை ஒரு வங்கியிலிருந்து நகை ஏல அறிவிப்பு வந்திருந்தது. உறையின் மேல் தேநீர் கிளாஸின் அடிவட்டம், பெயருக்குக் குறுக்கே, பழுப்பாக. பெயர் அழிந்தும் யாருடையது என்று கடையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. அந்த வீட்டுப் பெண் அதன்பிறகு பாலுக்கு வாய்க்கால் பக்கத்துக் கடைக்குப் போக ஆரம்பித்தாள்.

நான் மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவள். தெருத்தெருவாக அலைந்து மீட்டர் பார்த்த கால்கள் என்னுடையவை. அதனால் தபால்காரரிடம் சண்டைக்குப் போகாமல் முதலில் கேட்டேன்.

"அம்மா, மூன்று கிராமம் என் பீட்டில் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேர வேலை என்று கணக்கு. உங்கள் நகருக்குள் நுழைந்தால் 14ஆம் எண் மூன்று வீட்டில் இருக்கிறது. ஒன்று மனை எண், ஒன்று வரி எண், இன்னொருவர் பட்டாவில் இருக்கும் புல எண்ணை எழுதி வைத்திருக்கிறார். நான் எந்த 14க்குப் போவது?"

அவர் கிளை அஞ்சலகத்தின் கிராமிய அஞ்சல் ஊழியர். முழுநேர அரசு ஊழியர் இல்லை. பதினோரு வீடு இருந்த காலத்தில் வகுத்த பீட்டை, அதாவது அவர் சுற்ற வேண்டிய எல்லையை, யாரும் தொடவே இல்லை. பதிவுச் சான்றை அவர் கடையில் கொடுக்க முடியாது, கையெழுத்து வாங்க வேண்டும். வீட்டையும் கண்டுபிடிக்க முடியவில்லை. திருப்பிவிட்டார்.

குடியிருப்போர் சங்கக் கூட்டம் பிள்ளையார் கோயில் வாசலில் நடந்தது. அந்தக் கூட்டத்தைப் பற்றி விரிவாக எழுத எனக்கு ஆசைதான், ஆனால் பாதிப் பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. வளைவுக்குப் பக்கத்தில் வரிசையாகப் பெட்டிகள் வைத்துப் பூட்டுப் போட்டால், தபால்காரர் ஒரே இடத்தில் போட்டுவிட்டுப் போகலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். நல்ல யோசனை. யார் வீட்டு மதிலில் மாட்டுவது? முதல் வீட்டுக்காரர் தனக்கு ஈசானிய மூலை அது, இரும்பு அடிக்கக் கூடாது என்றார். கோயில் மதிலில் அடிக்கப் பூசாரி சம்மதிக்கவில்லை. மூன்றாவது ஒருவர் எழுந்து, "பெட்டியை எடுத்துக்கொண்டு போனவர்களே திரும்பக் கொண்டுவந்து வைக்க வேண்டும்" என்று குரலை உயர்த்தினார். சாலை அகலப்படுத்தியபோது எடுத்துப்போய் வடகரையில் வைத்துவிட்ட சிவப்பு அஞ்சல் பெட்டியைத்தான் அவர் சொன்னார். தபால் போடுகிற பெட்டி வேறு, தபால் வாங்குகிற பெட்டி வேறு என்று விளக்குவதற்குள் மின்சாரம் போய்விட்டது. கூட்டமும் முடிந்தது.

மனு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. இதைப் படிப்பவர்களில் யாருக்காவது பயன்படலாம் என்பதால் நடந்த வரிசையில் சொல்கிறேன்.

கட்டணமில்லாத எண் 1800 266 6868இல் பேசினேன். புகார் எண் ஒன்று கிடைத்தது. மத்திய அரசின் குறைதீர்ப்பு இணையதளத்திலும் பதிந்தேன். அங்கே 21 நாட்களுக்குள் தீர்வு காண வேண்டும் என்பது 2024இல் வந்த ஏற்பாடு. நாளைக் கடத்தவில்லை, குறிப்பிட்ட தபால் விதிப்படி திருப்பப்பட்டது என்று ஒற்றை வரியில் புகாரை முடித்துவிட்டார்கள். என் பிழையும் அதில் இருந்தது. ஒரு தபாலைப் பற்றிக் கேட்டால் ஒரு தபாலைப் பற்றித்தான் பதில் வரும். நூற்று முப்பது வீட்டின் பிரச்சினையை நான் என் மகனின் பிரச்சினையாக எழுதியிருந்தேன்.

அடுத்து தகவல் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய், அதற்கு அஞ்சல் ஆணை. எங்கள் தபாலைப் பற்றிக் கேள்வி கேட்க அவர்களிடமே போய் அஞ்சல் ஆணை வாங்கினேன். கொடுத்தவர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். நான்கு கேள்விகள்தான் கேட்டேன். எங்கள் நகர் எந்த பீட்டில் இருக்கிறது, அந்த பீட் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது, கடந்த ஆறு மாதத்தில் எங்கள் நகருக்கு வந்து திரும்பிய பதிவுத் தபால்களும் விரைவு அஞ்சல்களும் எத்தனை, கடையில் கொடுப்பதற்கு எழுத்துப்பூர்வமான அனுமதி இருக்கிறதா. ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. ஆவணத்தில் இருப்பதைத்தான் தருவார்கள் என்று அலுவலகத்தில் உட்கார்ந்து பழகியவளுக்குத் தெரியாதா?

பதில் முப்பது நாளுக்குள் வந்தது. கடைக்கு அல்ல. தபால்காரரே கொண்டுவந்து வீட்டு வாசலில் நின்றார். உறையைக் கையில் பிடித்திருந்தார், நீட்டவில்லை.

"என்மேல் புகார் எழுதிவிட்டீர்களா, அம்மா?"

உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தேன். உறையை அவர் முன்னாலேயே கிழித்துப் படித்துக் காட்டினேன். பீட் திருத்தப்பட்ட தேதி பற்றிய ஆவணம் இல்லை என்று இருந்தது. அனுமதி எதுவும் வழங்கப்படவில்லை என்றும் இருந்தது. முதல் பதில் அவருக்குச் சாதகம், இரண்டாவது பாதகம். மோரைக் குடித்து முடிக்கும்வரை அவர் எதுவும் பேசவில்லை. பிறகு பையைத் திறந்து, எண் புரியாமல் வைத்திருந்த ஏழு கடிதங்களைத் திண்ணையில் பரப்பினார். ஏழில் ஐந்து பேரை எனக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள் கொடுத்துவிட்டோம்.

அஞ்சல் உட்கோட்ட ஆய்வாளரைப் போய்ப் பார்த்தபோதுதான் ஒரு விசித்திரமான வாதத்தைக் கேட்டேன். 1898ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டத்தில் 3ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. வழக்கமாகத் தபால் கொடுக்கிற முறைப்படி, வாங்க அதிகாரம் உள்ளவராகக் கருதப்படுகிற ஒருவரிடம் கொடுத்தால், அது முகவரிக்காரரிடம் கொடுத்ததாகவே கொள்ளப்படும். "இத்தனை ஆண்டுகளாக நீங்கள் எல்லோரும் கடையில் போய் எடுத்துக்கொண்டீர்கள். அதுதான் வழக்கம் என்று ஆகிவிட்டது, இல்லையா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி உண்மை. நல்லவேளையாக, அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய அஞ்சலகச் சட்டம் 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதைச் சொன்னேன். அவர் சிரித்தார். அதன்பிறகு எங்கள் பேச்சு மனிதர்கள் பேசுகிற பேச்சாக மாறியது.

அவர் ஒரு வழி சொன்னார். ஆற்றுக்கு வடகரையில் துணை அஞ்சலகம் இருக்கிறது. பாலம் வழியாக ஒன்றரைக் கிலோமீட்டர். அங்கே முழுநேரத் தபால்காரர்கள் உண்டு. நகரை அங்கே மாற்றிவிடலாம். ஆனால் பின்கோடு மாறும்.

இங்கே டெல்டாவில் ஆறு பிரிகிற மாதிரியே எண்ணும் பிரிகிறது. மயிலாடுதுறைக்கு 609, திருவாரூருக்கு 610, நாகப்பட்டினத்துக்கு 611, கும்பகோணத்துக்கு 612, தஞ்சாவூருக்கு 613 என்று முதல் மூன்று எண் ஓடும். கடைசி மூன்றுதான் எந்த அஞ்சலகம் என்று சொல்வது. கிளை அஞ்சலகத்துக்குத் தனி எண் கிடையாது. தனக்கு மேலே இருக்கும் கணக்கு அலுவலகத்தின் எண்ணையே அது வைத்துக்கொள்ளும். ஆகவே ஒரு பாலத்தைத் தாண்டினால் ஆதார், வங்கி, எரிவாயு, காப்பீடு எல்லாவற்றிலும் எண்ணை மாற்ற வேண்டும். நகரில் கையெழுத்து வாங்கப் போனேன். மாற்றச் சொன்னவர்கள் 19 பேர். மற்றவர்கள் கதவைத் திறந்ததே நன்கொடை கேட்கிறேனோ என்ற சந்தேகத்தோடுதான். வடகரை யோசனையைக் கைவிட்டோம்.

இதற்கிடையில் பொறியியல் படித்த பிள்ளை ஒருவன் டிஜிபின் என்று பத்து எழுத்துக் குறியீட்டை அச்சடித்து நாலைந்து வீட்டுக் கதவில் ஒட்டினான். 2025 மே மாதம் அஞ்சல் துறையே கொண்டுவந்ததுதான். நாட்டையே நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. தபால்காரர் அதைப் பார்த்து, "மீட்டர் எண்ணா அம்மா இது?" என்று என்னிடமே கேட்டார்.

கடைசியில் எண்ணுக்கு முன்னால் தெருவுக்குப் பெயர் வேண்டும் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தோம். ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் வைக்க வேண்டும். ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் ஜனவரியிலேயே முடிந்து, தனி அலுவலர் பொறுப்பில் இருந்த நேரம். அதுவும் ஒருவகையில் வசதியாகப் போயிற்று. அவருக்கு எந்தத் தெருவிலும் சொந்தக்காரர் இல்லை. தலைவர்கள் பெயர் சொன்னார்கள், பூக்கள் பெயர் சொன்னார்கள். ஒருவர் தன் தாத்தா பெயரைச் சாதிப் பட்டத்தோடு சொல்லி, எழுந்த சத்தத்தில் தானே உட்கார்ந்தார்.

அப்போது நிலத்தை விற்றுவிட்டு இதே நகரில் ஒரு மூலையில் வீடு கட்டிக் குடியிருக்கும் பெரியவர் ஒருவர் மெல்லச் சொன்னார்: "பெயர் ஏற்கெனவே இருக்கிறதே." நாங்கள் நின்ற இடத்தைக் கையால் காட்டி, இது எட்டுமா, அது பனையடி, அந்தக் கோடி களத்துமேடு, நடுவில் போவது மடைவாய் என்றார். வயல்களின் பெயர்கள். எட்டு மா என்றால் என்ன அளவு என்று ஒரு பையன் கேட்க, "இருபது மா ஒரு வேலி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெரியவர் அமைதியாகிவிட்டார். எதிர்க்க யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை. எட்டுமாத் தெரு, பனையடித் தெரு, களத்துமேட்டுத் தெரு, மடைவாய்த் தெரு.

அதன்பிறகு வேலை எனக்குப் பழக்கப்பட்டதுதான். வரைபடத் தாளில் நான்கு தெருவையும் போட்டு, கிழக்கிலிருந்து இடப்பக்கம் ஒற்றை எண், வலப்பக்கம் இரட்டை எண் கொடுத்தேன். காலி மனைக்கும் எண் விட்டேன். இல்லையென்றால் அடுத்த ஆண்டே 14ஏ, 14பி என்று மறுபடி வம்பு. வரைபடத்தின் படியை ஆய்வாளருக்கும், கிளை அஞ்சலகத்துக்கும், கூரியர்காரர்களுக்கும் கொடுத்தேன். பெட்டிக்கடையிலும் ஒன்று ஒட்டினேன். ஆய்வாளர் ஒருநாள் தபால்காரரோடு சுற்றி வந்து, நகரில் பாதியைப் பக்கத்துக் கிளை அஞ்சலக ஊழியருக்கு ஒதுக்கினார்.

பெட்டி விவகாரம் தானாகவே தீர்ந்தது. பொதுப்பெட்டி வேண்டாம், அவரவர் கதவில் அவரவர் பெட்டி. மாடி வீடுகளில் இருப்பவர்கள் கீழே படிக்கட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டார்கள். வெல்டிங் பட்டறைக்காரர் தகரத்தில் அடித்துக் கொடுத்தார். மேல்மூடியைச் சரிவாக வைக்கச் சொல்லியும் முதல் இருபதைத் தட்டையாக அடித்துவிட்டார். ஐப்பசி மழையில் அந்த இருபது வீட்டிலும் காப்பீட்டுக் கடிதம் கூழானது. என் பெட்டியில் தண்ணீர் வரவில்லை, குளவி வந்தது. கடிதம் நுழையும் வாயை ஒட்டி விரல் பருமனுக்கு மண்கூடு. தபால்காரர் உள்ளே கைவிடாமல் உறையைக் கதவுக் கம்பியில் செருகிவிட்டுப் போனார், நியாயம்தான்.

மகனின் பதிவுச் சான்று மறுபடி விண்ணப்பித்து, நவம்பரில் வந்தது. களத்துமேட்டுத் தெரு என்று எழுதிய முதல் உறை அது.

சிவப்புப் பெட்டி இன்னும் வடகரையில்தான் இருக்கிறது. தபால் போட நாங்கள் பாலம் ஏறி இறங்குகிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அஞ்சல் குறைதீர்ப்பு முகாம் நடத்துவார்கள். உறையின் மேல் டாக் அதாலத் என்று எழுதி, முன்பு யாருக்கு எந்தத் தேதியில் மனுக் கொடுத்தோம் என்ற விவரத்தோடு அனுப்ப வேண்டும். எழுதி வைத்துவிட்டேன். போடத்தான் பாலத்தைத் தாண்ட வேண்டும்.